ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு: பியனெர்ஷியா செல்லில் புரதங்கள் இடம் பிரியும் விதம்

பாரசீக வளைகுடாவின் கரையோர உவர்நிலங்களில் பியனெர்ஷியா சைனஸ்பெர்சிசி என்ற சிறு செடி வளர்கிறது. பெயரின் பின்பாதிக்கு லத்தீனில் 'பாரசீக வளைகுடாவின்' என்பதே பொருள். ஒரே பருவத்தில் முளைத்துக் காய்த்து மடிந்துவிடும் இச்செடிக்குச் சதைப்பற்றுள்ள இலைகள் உண்டு. நம் உப்பளங்களின் ஓரத்தில் படர்ந்திருக்கும் உமரிக்கு இது நெருங்கிய உறவு. அரைக்கீரையும் தண்டுக்கீரையும் சேர்ந்திருக்கும் பெருங்குடும்பத்திலேயே தாவரவியலாளர் பலர் இதையும் வைக்கிறார்கள். உணவுக்கோ மருந்துக்கோ பெயர் பெற்ற செடி அன்று. ஆயினும் கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் ஜெர்மனியிலும் கனடாவிலும் உள்ள செல் உயிரியலாளர்கள் இதன் இலைச் செல்லைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வழக்கமாக இரண்டு செல்கள் பங்கிட்டுக்கொண்டு செய்யும் வேலையை இச்செடியில் ஒரே செல் செய்கிறது என்பதும், அதற்காக அந்த ஒரே செல்லுக்குள் இரண்டு வகைப் பசுங்கணிகங்கள் (ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை உறுப்புகள்) இருக்கின்றன என்பதுமே அதற்குக் காரணம்.

பசுங்கணிகத்துக்கு வேண்டிய புரதங்களில் மிகப் பெரும்பாலானவை உட்கருவில் உள்ள மரபணுக்களின்படி வெளியே தயாராகி, பிறகே பசுங்கணிகத்துக்குள் இறக்குமதியாகின்றன. செல்லுக்கு உட்கரு ஒன்றுதான். சரக்கு தயாராகும் சைட்டோபிளாசமும் ஒன்றுதான். அப்படியானால் ஒரே இடத்திலிருந்து புறப்படும் புரதங்களில் சில ஒரு வகைப் பசுங்கணிகத்திலும் வேறு சில இன்னொரு வகையிலும் மட்டும் போய்ச் சேர்வது எப்படி? இந்த ஆய்வு அந்தக் கேள்வியை மட்டுமே பின்தொடர்கிறது. பசுங்கணிகங்கள் செல்லுக்குள் எங்கே நிற்கின்றன என்பது ஒரு கேள்வி. அவற்றுக்குள் எது நுழைகிறது என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் தொடக்கத்தில் இந்தச் செடி உண்மையில் இருப்பதைவிட மர்மமாகத் தோன்றியது என்பது என் எண்ணம்.

பின்னணி

ஒளிச்சேர்க்கையில் கார்பன் டைஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரையின் பாதைக்குள் சேர்க்கும் நொதி ரூபிஸ்கோ. இந்த நொதிக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, மிக மெதுவாக வேலை செய்கிறது. வினாடிக்குச் சில மூலக்கூறுகளையே மாற்றுகிறது. மற்றது, கார்பன் டைஆக்சைடு வர வேண்டிய இடத்தில் ஆக்சிஜனையும் பிடித்துவிடுகிறது. அப்படிப் பிடித்ததைச் சரிசெய்யச் செடி ஒளிச்சுவாசம் என்ற நீண்ட சுற்றுவழியில் ஆற்றலைச் செலவிட்டு, ஏற்கெனவே பிடித்த கார்பனில் ஒரு பகுதியையும் இழக்கிறது. வெப்பம் ஏற ஏற இந்த இழப்பும் ஏறுகிறது. நெல்லும் கோதுமையும் உட்பட, கார்பனை நேரடியாக ரூபிஸ்கோவால் பிடிக்கும் சி3 தாவரங்கள் இந்த இழப்பைச் சுமந்துகொண்டே வாழ்கின்றன.

கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம் ஆகியவை வேறு வழி கண்டவை. ஹவாயில் கரும்பை ஆராய்ந்த கோர்ட்ஷாக்கும் அவருடன் பணியாற்றியோரும் கார்பன் முதலில் நான்கு கார்பன் கொண்ட அமிலங்களில் தோன்றுவதை 1965இல் வெளியிட்டனர். மறு ஆண்டே ஆஸ்திரேலியாவில் ஹாட்சும் ஸ்லாக்கும் அந்தப் பாதையை விளக்கினார்கள். அந்த நான்கு கார்பனை வைத்தே இதற்குச் சி4 வழி என்று பெயர். இதில் பெப் கார்பாக்சிலேஸ் என்ற நொதி முதலில் கார்பனைப் பிடிக்கிறது. ஆக்சிஜனை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பிடித்த கார்பன் நான்கு கார்பன் அமிலமாக வேறோர் இடத்துக்குச் சென்று, அங்கே மீண்டும் கார்பன் டைஆக்சைடாக விடுவிக்கப்படுகிறது. ரூபிஸ்கோ அந்த இடத்தில்தான் இருக்கிறது. சுற்றிலும் கார்பன் டைஆக்சைடு செறிந்திருப்பதால் அது ஆக்சிஜனிடம் ஏமாறுவது வெகுவாகக் குறைகிறது.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இடப்பிரிவு. பிடிக்கும் இடமும் விடுவிக்கும் இடமும் ஒன்றாகிவிட்டால் கார்பனை இறைத்துத் தரும் இந்த எக்கியால் பயனில்லை. தண்ணீரை இறைத்து அதே கிணற்றில் ஊற்றியது போலாகும். மக்காச்சோளத்தின் இலையில் இந்தப் பிரிவைச் செல்சுவர்களே செய்கின்றன. வெளியே இலையிடைத் திசுச் செல்களும் உள்ளே நரம்பைச் சுற்றி மாலைபோல் அமைந்த கற்றை உறைச் செல்களும் தனித்தனியே நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹேபர்லாண்ட் இந்த மாலையமைப்பைக் கண்டு, தம் ஜெர்மன் மொழியில் மாலையைக் குறிக்கும் 'கிரான்ஸ்' என்ற சொல்லால் அழைத்தார்.

கிரான்ஸ் அமைப்பில் புரதங்களைப் பிரிப்பது ஒப்பீட்டளவில் எளிது, ஏனெனில் ஒவ்வொரு செல்லுக்கும் தனி உட்கரு உண்டு. இலையிடைச் செல்லின் உட்கரு, ரூபிஸ்கோவின் ஒரு பகுதியான சிறு துணையலகுக்குரிய மரபணுவை அடக்கிவைக்கலாம். கற்றை உறைச் செல்லின் உட்கரு அதே மரபணுவை முழு வேகத்தில் இயக்கலாம். எந்தச் சமையலறையில் எதைச் சமைப்பது என்று அந்தந்த வீடு முடிவு செய்துகொள்கிறது. சி4 வழி பூக்கும் தாவரங்களில் 60க்கும் மேற்பட்ட முறை தனித்தனியே தோன்றியிருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. நிலத்தாவரங்களில் அவை அனைத்துக்கும் கிரான்ஸ் அமைப்போ அதன் ஏதேனும் ஒரு வடிவமோ இன்றியமையாதது என்பதே 2001 வரை பாடநூல்களின் நிலைப்பாடு. ஹைட்ரில்லா போன்ற நீர்த்தாவரங்களில் கிரான்ஸ் இல்லாமலேயே சி4 நடப்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஆனால் தண்ணீருக்கடியில் வாயுக்கள் பரவும் வேகம் மிகக் குறைவு என்பதால் அதை விதிவிலக்காக ஒதுக்கிவைத்தார்கள்.

2001இல் உடைந்த விதி

மத்திய ஆசியாவின் உவர்ப் பாலைகளில், காஸ்பியன் கடற்பகுதியிலிருந்து மேற்குச் சீனா வரை, இன்னொரு செடி வளர்கிறது. அப்போது அதன் பெயர் போர்ஷ்சோவியா அராலோகாஸ்பிகா. இன்று சுவேடா பேரினத்தில், அதாவது நம் உமரிகளோடு, சேர்க்கப்பட்டு சுவேடா அராலோகாஸ்பிகா எனப்படுகிறது. ஜெர்மனியின் காசெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெல்முட் பிரைடாக் 2000இல் ஸ்டிச்லருடன் சேர்ந்து இதன் இலையமைப்பை விவரித்தார். அது அதுவரை அறிந்த எந்த வகையிலும் அடங்காத இலை. ஆனால் அதன் கார்பன் ஐசோடோப் விகிதமோ சி4 தாவரங்களுக்குரியது. பெப் கார்பாக்சிலேஸைக் காட்டிலும் ரூபிஸ்கோ கனமான கார்பன்-13ஐ அதிகமாக ஒதுக்கும். ஆகவே உலர்ந்த இலைத்துணுக்கை எரித்து அளந்தாலே அச்செடி எந்த வழியில் கார்பனைச் சேர்த்தது என்பதை அறியலாம். அடையாளச் சீட்டு சி4 என்கிறது, மாலையை மட்டும் காணவில்லை.

2001 இறுதியில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு எட்வர்ட்ஸ், வின்சென்ட் பிரான்செஸ்கி, செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் கோமரோவ் தாவரவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எலெனா வோஸ்னெசென்ஸ்கயா, கிராட்ஸ், பிரைடாக் ஆகியோர் நேச்சர் இதழில் விடையை வெளியிட்டனர். கட்டுரையின் தலைப்பே முடிவைச் சொல்லியது: நிலத்தாவரத்தின் சி4 ஒளிச்சேர்க்கைக்குக் கிரான்ஸ் அமைப்பு கட்டாயமன்று. இலையின் பச்சைச் செல்கள் நீண்டவை. இலையின் வெளிப்புறத்தை நோக்கிய முனையில் ஒரு வகைப் பசுங்கணிகங்களும், உட்புற முனையில் இன்னொரு வகைப் பசுங்கணிகங்களும் அவற்றோடு மைட்டோகாண்ட்ரியாவும் திரண்டிருந்தன. குறிப்பிட்ட நொதியை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளில் தங்கத் துகள்களைக் கோத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அவை எங்கே கரும்புள்ளிகளாக விழுகின்றன என்று பார்ப்பது இவர்களின் முறை. ரூபிஸ்கோவின் புள்ளிகள் உள்முனைப் பசுங்கணிகங்களில் விழுந்தன. பெப் கார்பாக்சிலேஸுக்கு மூலப்பொருளை மீண்டும் உருவாக்கித் தரும் பைருவேட் பாஸ்பேட் டைகைனேஸ் (சுருக்கமாக டைகைனேஸ்) என்ற நொதியின் புள்ளிகள் வெளிமுனைப் பசுங்கணிகங்களில் விழுந்தன. நான்கு கார்பன் அமிலத்திலிருந்து கார்பன் டைஆக்சைடை விடுவிக்கும் மாலிக் நொதி உள்முனை மைட்டோகாண்ட்ரியாவில் இருந்தது. இரண்டு செல்களின் வேலை ஒரு செல்லின் இரு முனைகளில் நடந்துகொண்டிருந்தது. நடுவே சுவர் இல்லை.

அடுத்த ஆண்டே பியனெர்ஷியா சைக்ளோப்டெராவில் இதே கதை வேறு வடிவத்தில் கிடைத்தது. 2005இல் ஈரானியத் தாவரவியலாளர் ஹொசைன் அகானியும் அவருடன் பணியாற்றியோரும், அதுவரை சைக்ளோப்டெரா என்றே கருதப்பட்டு வந்தவற்றிலிருந்து வளைகுடாக் கரைச் செடிகளைப் பிரித்துச் சைனஸ்பெர்சிசி என்ற தனி இனமாக்கினார்கள். 2012இல் ஈரானின் கவீர் பாலையின் பெயரைத் தாங்கிய இன்னோர் இனமும் சேர்ந்தது. ஆக, இத்தகைய நிலத்தாவரங்களாக அறியப்பட்டவை நான்கே. ஆய்வுக்கூடங்களில் செல்லப்பிள்ளையானது சைனஸ்பெர்சிசிதான்.

பியனெர்ஷியாவின் செல்லில் முனைகள் இல்லை. செல்லின் பெரும்பகுதியை வாக்குவோல் என்ற நீர்ப்பை நிறைத்திருக்கிறது. அதன் நடுவே, பழத்துக்குள் கொட்டை போல, உருண்டையான சைட்டோபிளாசத் திரட்சி ஒன்று தொங்குகிறது. ரூபிஸ்கோ நிறைந்த பசுங்கணிகங்களும் மைட்டோகாண்ட்ரியாவும் அதற்குள் நெருக்கமாக அடைந்திருக்கின்றன. செல்லின் ஓரத்தில் மெல்லிய சைட்டோபிளாச அடுக்கில் மற்ற வகைப் பசுங்கணிகங்கள் இருக்கின்றன. வாக்குவோலைத் துளைத்துச் செல்லும் மெல்லிய சைட்டோபிளாச இழைகள் நடுவையும் ஓரத்தையும் இணைக்கின்றன. முதன்முறை இந்தப் படத்தைப் பார்ப்பவர் இது ஏதோ நோயுற்ற செல் என்றே நினைப்பார்.

யார் எங்கே நிற்பது

நடுவண் உருண்டை எப்படிக் கலையாமல் நிற்கிறது என்ற கேள்விக்கு விடை ஓரளவு விரைவிலேயே கிடைத்தது. 2006இல் சைமன் சுவாங், பிரான்செஸ்கி, எட்வர்ட்ஸ் மூவரும் செல்லின் உட்சட்டகத்தை ஒளிரும் குறிகளால் பார்த்தார்கள். ஆக்டின் இழைகளும் நுண்குழல்களும் பசுங்கணிகங்களைச் சுற்றி ஒழுங்கான வலையாகப் பின்னியிருந்தன. நடுவிலும் ஓரத்திலும் அந்தப் பின்னலின் அமைப்பு வேறு வேறாக இருந்தது. பிறகு சட்டகத்தைக் குலைக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தபோது, உறுப்புகளை அவற்றின் இடத்தில் நிறுத்துவதில் நுண்குழல்களுக்கே முதன்மை என்று தெரிந்தது. நுண்குழல்கள் குலைந்தால் இடப்பிரிவும் குலைகிறது. சுவர் செய்ய வேண்டிய வேலையைச் செல் கூடை பின்னிச் செய்துகொண்டிருக்கிறது.

இளம் இலையில் இந்தக் காட்சி இல்லை. அங்குள்ள பச்சைச் செல்களில் பசுங்கணிகங்கள் எல்லாம் ஒரே மாதிரி. எல்லாவற்றிலும் ரூபிஸ்கோ உண்டு. செல் வளரும்போது வாக்குவோலும் உட்சட்டகமும் மாறிமாறி உருவெடுக்க, அவற்றின் ஊடே நடுவும் ஓரமும் பிரிகின்றன. 2009இல் பார்க், நோப்லாக், ஒகிடா, எட்வர்ட்ஸ் ஆகியோர் இந்த வளர்ச்சியைப் படிப்படியாகக் காட்டினார்கள். ஆகவே இரண்டு வகைப் பசுங்கணிகங்கள் பிறப்பிலேயே வேறுபட்டவை அல்ல. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் வளர்ந்து வேறு வேறு தொழிலுக்குப் போனவை.

நுண்குழல்கள் பசுங்கணிகத்தை நடுவில் கட்டிவைக்கலாம். ஆனால் நடுவில் கட்டிவைக்கப்பட்டதாலேயே அதற்குள் டைகைனேஸ் நுழையாமல் போய்விடாது. சைட்டோபிளாசம் இழைகள் வழியாக இணைந்தே கிடக்கிறது; கரைந்த நிலையில் திரியும் ஒரு புரதம் அந்த இழைகளில் போய் வருவதைத் தடுக்க எந்தச் சவ்வும் குறுக்கே இல்லை. இரண்டு வகைப் பசுங்கணிகங்களும் ஒரே பிரதிகளைத் தாங்கிய சொந்த மரபணுத்தொகுதியைக் கொண்டவை, ஒரே உட்கருவின் கட்டளையில் இருப்பவை. இருந்தும் உள்ளடக்கம் வேறு. எப்படி?

யாருக்கு எது போவது

முதலில் உள்ளடக்கம் உண்மையிலேயே எவ்வளவு வேறுபடுகிறது என்பதை அறிய வேண்டியிருந்தது. தங்கத் துகள் முறை ஒரு நேரத்தில் ஒரு நொதியைத்தான் காட்டும். அதற்குரிய எதிர்ப்பொருளும் கையில் இருக்க வேண்டும். சாஷா ஆஃபர்மன், தாமஸ் ஒகிடா, எட்வர்ட்ஸ் மூவரும் 2011இல் பிளாண்ட் பிசியாலஜி இதழில் வெளியிட்ட ஆய்வில் பசுங்கணிகங்களையே இரண்டாகப் பிரித்தெடுத்தார்கள். அந்த முறையின் எளிமை எனக்கு மிகவும் பிடித்தது. செல்சுவரை நொதிகளால் கரைத்து நீக்கி, மிஞ்சும் சுவரற்ற செல்களைச் செறிவு குறைந்த கரைசலில் இட்டால் அவை நீர் உறிஞ்சி வீங்கி உடைகின்றன. ஓரத்துப் பசுங்கணிகங்கள் சிதறி வெளியேறுகின்றன. நடுவண் உருண்டையோ தன் கூடைப் பின்னலின் பலத்தில் உடையாமல் அப்படியே நிற்கிறது. கனமான உருண்டையை மெதுவான சுழற்சியில் படியவைத்து, ஓரத்துப் பசுங்கணிகங்களைத் தனியே எடுத்துக்கொள்ளலாம். 2006இல் கண்ட நுண்குழல் கூடை, 2011இல் பிரித்தெடுக்கும் கருவியாகவே பயன்பட்டது என்று சொல்லலாம்.

அப்படிப் பிரித்தவற்றில் டைகைனேஸ் ஓரத்துப் பசுங்கணிகங்களிலும், ரூபிஸ்கோ நடுவண் பசுங்கணிகங்களிலும் மிகுந்திருந்தன. நுண்ணோக்கியில் கண்ட பிரிவு உயிர்வேதியியலிலும் நின்றது. 2015இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிளாஸ் வான் வைக்கின் குழுவும் சேர்ந்துகொள்ள, ஏராளமான வரிசைத் துணுக்குகளிலிருந்து செடியின் மரபணு வெளிப்பாட்டுத் தொகுப்பை ஒட்டி அமைத்து, அதைத் துணையாகக் கொண்டு புரதத்தொகுதியைப் பரந்த அளவில் அளந்தார்கள். முழு மரபணுத்தொகுதி வரிசை கையில் இல்லாத ஒரு காட்டுச்செடிக்கு இது சிறிய வேலை அன்று.

2011இலேயே ஆஃபர்மன், ஒகிடா, எட்வர்ட்ஸ் மூவரும் வேறொரு குறுங்கட்டுரையில் விளக்கத்துக்கான வழிகளை வரிசைப்படுத்தினார்கள். முதல் வழி, மரபணுவின் செய்தியைப் புரதம் தயாராகும் இடத்துக்குச் சுமந்து வரும் தூது ஆர்.என்.ஏ.வே இடம் பிரிவது. டைகைனேஸுக்கான தூது ஆர்.என்.ஏ. ஓரத்துப் பசுங்கணிகங்களின் அருகே மட்டும் கொண்டுசெல்லப்பட்டு, புரதம் அங்கேயே தயாராகி, பக்கத்து வாசலிலேயே நுழைந்துவிடலாம். இரண்டாவது வழி, புரதம் எங்கே தயாரானாலும், பசுங்கணிகத்தின் வாசலில் ஆள் பார்த்து அனுமதிப்பது. மூன்றாவது வழி, எல்லாப் புரதங்களும் எல்லாப் பசுங்கணிகங்களிலும் நுழைந்துவிட, வேண்டாதவற்றை உள்ளே போன பிறகு சிதைப்பது. மூன்றும் இயற்கையில் வேறு இடங்களில் நடப்பவைதான். மூன்றாவது வீண்செலவாகத் தோன்றும். ஆனால் செல் பல இடங்களில் வீண்செலவு செய்து பழகியது என்பதால் அதைத் தோற்றத்தை வைத்துத் தள்ளிவிட முடியாது.

வாசல் என்பதைச் சற்று விளக்க வேண்டும். உட்கருவின் கட்டளையில் தயாராகும் பசுங்கணிகப் புரதத்தின் தலைப்பகுதியில் டிரான்சிட் பெப்டைடு எனப்படும் ஒரு துண்டு இருக்கும். சில பத்து அமினோ அமிலங்கள் கொண்ட அந்தத் துண்டே முகவரி. பசுங்கணிகத்தின் வெளிச்சவ்விலும் உட்சவ்விலும் உள்ள டாக், டிக் எனப்படும் புரதக் கூட்டங்கள் அதைப் படித்து, புரதத்தை நூலாக உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உள்ளே சென்றதும் முகவரித் துண்டு வெட்டி எறியப்படுகிறது. விந்தை என்னவென்றால், ஒரே செடியின் வெவ்வேறு புரதங்களின் முகவரித் துண்டுகளை அடுக்கிவைத்து ஒப்பிட்டால் பொதுவான எழுத்து வரிசை என்று ஒன்று தென்படுவதில்லை. நீளமும் ஒத்திராது. தபால்காரர் எழுத்தைப் படிக்காமல் கையெழுத்தின் பாங்கைப் பார்த்தே தெருவைக் கண்டுபிடிப்பது போன்ற நிலை. இப்படிப்பட்ட தளர்வான முகவரியில் 'ஓரத்து வீடு', 'நடு வீடு' என்ற நுட்பமான வேறுபாட்டை எழுத முடியுமா என்பதுதான் சந்தேகம்.

இதைச் சோதிக்க ஒரு வசதி தேவைப்பட்டது: பியனெர்ஷியாவின் செல்லுக்குள் விரும்பிய மரபணுவைச் செலுத்திப் பார்க்கும் வழி. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் சுவாங்கின் குழு 2011இல் இச்செடியின் சுவரற்ற செல்களைப் பிரித்து, அவற்றில் புதிய மரபணுக்களைத் தற்காலிகமாக இயக்கும் முறையை வெளியிட்டது. இதனால் ஒரு முகவரித் துண்டைப் பச்சையாக ஒளிரும் புரதத்தின் தலையில் ஒட்டி, செல்லுக்குள் அனுப்பி, ஒளி நடுவில் தோன்றுகிறதா ஓரத்தில் தோன்றுகிறதா என்று நேரே பார்க்க முடிந்தது. தங்கத் துகள் முறையில் செல் இறந்திருக்கும். இங்கே அது உயிரோடு பதில் சொல்கிறது.

ஹானோவரில் ஆஃபர்மனின் குழு, விம்மரை முதல் ஆசிரியராகக் கொண்டு, 2017இல் சயன்டிபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த வழக்கின் மையச் சாட்சி. இரண்டு வகைப் பசுங்கணிகங்கள் உருவாவதற்கு முகவரித் துண்டே வழி செய்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். சரக்கு எதுவானாலும், முகவரியை வைத்தே அது ஒரு வகையில் மட்டும் சேர்கிறது. அடுத்து அவர்கள் முகவரியின் எழுத்துகளை மாற்றிப் பார்த்தார்கள். இந்த இடத்தில் கிடைத்த விடைதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. எழுத்தைக் கெடுத்தால் புரதம் வழிதவறி வெளியே நிற்கும் என்று எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. கெடுத்த முகவரியோடும் புரதம் பசுங்கணிகத்துக்குள் சென்றது; தெரிவு மட்டும் போய்விட்டது. முன்பு ஒரு வகையில் மட்டும் சேர்ந்த புரதம் இப்போது இரண்டு வகையிலும் சேர்ந்தது.

இதன் பொருளை நிதானமாகப் பார்க்க வேண்டும். 'ஓரத்து வீட்டுக்கு வருக' என்ற சிறப்பு அழைப்பு முகவரியில் எழுதப்பட்டிருந்தால், அதை அழித்ததும் அந்த வீட்டு வாசலும் மூடியிருக்க வேண்டும். அப்படி மூடவில்லை. ஆகவே எழுதப்பட்டிருந்தது அழைப்பு அன்று, தடை. எல்லாப் பசுங்கணிகத்துக்கும் பொதுவான நுழைவுரிமை முகவரியில் இருக்கிறது. அதோடு கூடவே, ஒரு வகையில் மட்டும் புரதம் சேராதபடி தடுக்கும் ஒரு சிறு பகுதியும் இருக்கிறது. அந்தப் பகுதியைச் சிதைத்தால் தடை நீங்கி, பொது உரிமை மட்டும் மிஞ்சுகிறது. பரிணாமத்தின் நோக்கில் இது எளிய வழியும்கூட. புதிய வாசல் ஒன்றைக் கட்டுவதைவிட, இருக்கும் முகவரியில் 'இந்த வீட்டுக்கு வேண்டாம்' என்று ஓரிரு எழுத்து சேர்ப்பது சிறு மாற்றம்.

தூது ஆர்.என்.ஏ. வழியையும் அவர்கள் நேரடியாகச் சோதித்தார்கள். மரபுக் குறியீட்டில் ஒரே அமினோ அமிலத்தை ஒன்றுக்கு மேற்பட்ட குறிச்சொற்களால் எழுத முடியும். ஆகவே புரதத்தின் வரிசையை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஆர்.என்.ஏ. வரிசையை மட்டும் பெரிதும் மாற்றிவிடலாம். இடம் பிரிப்பது ஆர்.என்.ஏ.வாக இருந்தால் அப்போது தெரிவு கெட்டிருக்க வேண்டும். ஆர்.என்.ஏ.யை வேறு திசைக்கு இழுக்கும் செயற்கைத் தூண்டில் வரிசையையும் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டிலும், பிரிப்புக்கு ஆர்.என்.ஏ. இன்றியமையாதது அல்ல என்றே முடிவு வந்தது. மூன்று வழிகளில் முதலாவது இவ்வாறு பின்னுக்குப் போயிற்று. 'தடை' என்று நான் மேலே எழுதியதில் ஓர் எச்சரிக்கை தேவை. அவர்களின் கவனமான சொல், ஒரு வகைப் பசுங்கணிகத்தில் புரதம் 'சேர்வது' தடுக்கப்படுகிறது என்பதே. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டாலும், நுழைந்த கணமே சிதைக்கப்பட்டாலும் 'சேரவில்லை' என்ற சொல் இரண்டுக்கும் பொருந்தும்.

ரூபிஸ்கோவின் தனிக் கணக்கு

முகவரித் துண்டை வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. ரூபிஸ்கோ எட்டுப் பெரிய துணையலகுகளும் எட்டுச் சிறிய துணையலகுகளும் சேர்ந்த புரதம். சிறிய துணையலகின் மரபணு உட்கருவில் உள்ளது; அது முகவரியோடு வெளியிலிருந்து வருகிறது. பெரிய துணையலகின் மரபணு பசுங்கணிகத்தின் சொந்த மரபணுத்தொகுதியில் உள்ளது. அது உள்ளேயே பிறக்கிறது. வாசலைக் கடக்காத ஒன்றுக்கு வாசற்காவல் பொருந்தாது. ஓரத்துப் பசுங்கணிகத்திலும் அந்த மரபணு இருக்கத்தான் செய்கிறது.

இங்கே புகையிலையில் கண்ட ஓர் உண்மை உதவுகிறது. சிறிய துணையலகின் வரத்து குறைந்தால், இணை கிடைக்காத பெரிய துணையலகு தன் சொந்த உற்பத்தியையே அடக்கிவிடுகிறது என்று வோஸ்ட்ரிகாஃபும் ஸ்டெர்னும் 2007இல் காட்டினார்கள். இதே கட்டுப்பாடு பியனெர்ஷியாவிலும் இருக்குமானால், வெளியிலிருந்து வரும் சிறிய துணையலகின் இருப்பைக் கட்டுப்படுத்துவதே உள்ளே பிறக்கும் பெரிய துணையலகையும் கட்டுப்படுத்தப் போதுமானதாகலாம். இது என் ஊகம், ஆனால் அடிப்படையற்ற ஊகம் அன்று. இளம் செல்லில் எல்லாப் பசுங்கணிகங்களிலும் ரூபிஸ்கோ இருந்தது என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓரத்துப் பசுங்கணிகம் அதைப் புதிதாகப் பெறாமல் இருப்பது மட்டும் போதாது. ஏற்கெனவே இருந்ததைக் குறைத்தும் ஆக வேண்டும்.

நடுவே சுவர் இல்லாததால் விடுவித்த கார்பன் டைஆக்சைடு கசிந்து போய்விடாதா என்ற கேள்வி எல்லாருக்கும் முதலில் எழும். கணக்கிட்ட மாதிரிகள் தொடக்கத்தில் இதைப் பெரிய குறையாகவே காட்டின. ஆனால் வாயுப் பரிமாற்றத்தையும் ஐசோடோப்பையும் அளந்தபோது, சைனஸ்பெர்சிசியின் கசிவு கிரான்ஸ் தாவரங்களின் கசிவோடு ஒப்பிடத்தக்கதாகவே இருந்தது. நடுவண் உருண்டையின் நெருக்கமும், அதற்கும் ஓரத்துக்கும் இடையில் வாக்குவோல் தரும் தொலைவும் சுவரின் வேலையில் கணிசமான பங்கைச் செய்துவிடுகின்றன.

நெல்லுக்கு இது எவ்வளவு பயன்படும்

பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்கிய சி4 நெல் முயற்சி கிரான்ஸ் வழியையே இலக்காகக் கொண்டது. இலையின் திசு அமைப்பையே மாற்ற வேண்டிய அந்த நெடும்பாதையைப் பார்த்தவர்களுக்கு, ஒரே செல்லில் எல்லாவற்றையும் முடித்துவிடும் பியனெர்ஷியா ஒரு குறுக்குவழியாகத் தோன்றுவது இயல்பு. விம்மரின் ஆய்வில் அதற்கு ஊக்கம் தரும் ஒரு முடிவும் உண்டு. இரண்டு செல்களில் சி4 நடத்தும் தாவரங்களின் முகவரித் துண்டுகளோடு பியனெர்ஷியாவின் துண்டுகளைக் கலந்து கலப்பு முகவரி செய்தபோது, தெரிவுத்திறன் அவற்றுக்கும் மாறியது. அதாவது தடையின் எழுத்து பிற இனத்தின் முகவரியிலும் எழுதத்தக்கது.

ஆனால் அந்தக் கலப்பு முகவரிகள் படிக்கப்பட்டது பியனெர்ஷியாவின் செல்லில்தான். தடையை மதிக்கும் ஒரு வகைப் பசுங்கணிகமும் மதிக்காத இன்னொரு வகையும் அங்கே ஏற்கெனவே இருந்தன. நெல்லின் இலைச் செல்லில் பசுங்கணிகங்கள் அனைத்தும் ஒரே வகை; அவற்றில் ஒரு பாதியை மட்டும் அந்த எழுத்தை மதிக்கச் செய்வது எது என்பதற்கு முகவரித் துண்டில் விடை இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த பசுங்கணிகங்களில் எது முதலில் வேறுபடுகிறது, வாசலில் உள்ள டாக் கூட்டத்தின் உறுப்புகளா, உள்ளே உள்ள சிதைப்பு நொதிகளா, அந்த முதல் வேறுபாட்டைத் தூண்டுவது நடுவண் உருண்டைக்குள் கிடக்கும் நெருக்கமா, அல்லது பக்கத்திலேயே இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவா என்ற வரிசையில்தான் இனி இச்செல்லைக் கேட்க வேண்டியிருக்கிறது. நிற்கும் இடமும் நுழையும் சரக்கும் தனித்தனிக் கேள்விகள் என்று தொடக்கத்தில் எழுதினேன். வளரும் செல்லில் முதலாவது இரண்டாவதைத் தூண்டுகிறதா என்பது, இளம் இலையின் அடிப்பகுதியிலிருந்து நுனி வரை ஒவ்வொரு கட்டத்திலும் நுண்குழல்களைக் குலைத்துவிட்டு, ஒளிரும் புரதத்தின் தெரிவு அப்போதும் நிற்கிறதா என்று பார்த்தால் தெரியும்.